நீலப் புள்ளி வீட்டில்தான் இருந்தது

வெர்னா ஹாஸ்கின் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். தென் ஆஸ்திரேலியக் கடற்கரை ஊரான போர்ட் லிங்கனில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். கல்யாணமான புதிதில், கும்மின்ஸ் பக்கம் இருக்கும் நாத்தனார் பெரிலின் பண்ணைக்கு விருந்துக்குப் போகும்போது, பாதி வழியில் அவள் முகம் வெளிறிவிடும்.

"கெல், அடுப்பை அணைச்சேனா?"

அவள் புருஷன் கெல் முணுமுணுக்கக்கூட மாட்டான். வண்டியைத் திருப்புவான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருக்கும். "கை வெச்சுப் பாரு, ஜில்லுனு இருக்கு. இப்பக் கிளம்பலாமா?" என்பான். அவர்கள் பண்ணைக்குப் போய்ச் சேரும்போது ஆட்டுக்கறி ஆறியிருக்கும்; பெரில் கொதித்துக்கொண்டிருப்பாள்.

நாற்பது வருஷம் அவளுக்காக வண்டியைத் திருப்பியவன் கெல். கடற்கரையோரத்துக் கோதுமைக் குதிர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில், பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு குதிர்களின் வாசலில் போய் நின்றான். காவல்காரன் தெரிந்தவன். வெர்னாவுக்குப் போன் செய்தான். "கெல் ஷிஃப்டுக்கு வந்திருக்கான் வெர்னா. உள்ள விடச் சொல்லிச் சண்டை போடுறான். நான் என்ன சொல்லட்டும்?"

அப்படித்தான் அது தொடங்கியது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, திரும்பாது என்றார்.

தெளிவாக இருந்த நாள் ஒன்றில், படகுத் துறையில் கணவாய் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது கெல் சொன்னான்: "என்னை அந்த முதியோர் இல்லத்துல மட்டும் கொண்டுபோய் விட்டுடாத. எங்கப்பா கடைசியில அங்க என்னையே யாருன்னு கேட்டாரு. நான் கேட்டாலும் என் வீட்ல உக்காந்து கேட்டுக்கிறேன்." வெர்னா சரி என்றாள். அவள் லேசில் வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. கொடுத்துவிட்டால் அதுவும் அவளுக்கு ஒரு பயமாகிவிடும்.

அடுத்த ஒரு வருஷத்தில் அவள் பாதியாக இளைத்துப்போனாள். மத்தி மீன் ஆலையில் அவளுக்குக் காலையிலிருந்து மூன்று மணி வரை வேலை. வாரத்தில் மூன்று நாள் மதியத்தில் ஒரு பணிப்பெண் வந்து கெல்லுக்குச் சாப்பாடு கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் அவன் தனியாகத்தான் இருந்தான். கதவைப் பூட்டிப் பார்த்தாள். அவன் கண்ணாடியைக் கையால் உடைத்தான். பூட்டாமல் போய்ப் பார்த்தாள்; மீன் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அவன் தண்ணீரில் மிதப்பது போலக் கண்ணுக்குள் வந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது.

அடிலெய்டில் இருக்கும் மகள் ஜானெல் ஒரு சனிக்கிழமை ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு கைக்கடிகாரம்.

"அப்பா இதைக் கட்டியிருந்தா, அவர் எங்க இருக்காருன்னு உன் போன்ல ஒரு நீலப் புள்ளி காட்டும். வீட்டைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுவெச்சிருக்கேன். அதைத் தாண்டினா போன் கத்தும்."

"உங்கப்பாவுக்கு விலங்கு மாட்டச் சொல்றியா?"

"வாட்ச்சுதாம்மா. நேரம்கூடக் காட்டும்."

கெல் மறுப்பேதும் சொல்லாமல் கையை நீட்டினான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்குக் கொடுத்த பரிசு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. "குட் ஆன் யூ, மேட்" என்று வேலைக் கூட்டாளிக்கு நன்றி சொல்வது போல மகளிடமே கை குலுக்கினான்.

வெர்னாவுக்கு முதல் வாரம் முழுக்க நம்பிக்கை வரவில்லை. ஆலையில் கையுறையைக் கழற்றி நிமிஷத்துக்கு ஒருதரம் போனைப் பார்த்தாள். புள்ளி வீட்டில்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பது குறைந்தது. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவளுக்குப் பசித்தது. அதிசயமாக இருந்தது. பக்கத்தில் உட்காரும் டானிட்சா கொண்டுவந்த வால்நட் ரொட்டியில் பெரிய துண்டை வாங்கித் தின்றாள். டானிட்சா குரோவேஷியாக்காரி, அப்பன் காலத்திலேயே சூரை மீன் பிடிக்க வந்த குடும்பம், வாய் மட்டும் ஊருக்கே பெரியது.

"உன் புருஷன் புள்ளி எப்படி இருக்கு?" என்பாள் டானிட்சா.

"சோபாவுல இருக்கு."

"என் புருஷனும் அங்கதான் இருக்கான். அவனுக்கு வாட்ச்சே தேவையில்ல."

சிரித்து முடித்த மறுகணமே வெர்னாவுக்குத் தோன்றும்: நாம் சிரிக்கிறோம், ஒரு பிளாஸ்டிக் சாமானை நம்பி அவனை விட்டுவிட்டு உட்கார்ந்து சிரிக்கிறோம். கண்ணால் பார்க்க வேண்டியவளுக்குப் பதிலாக ஒரு பொருள் பார்த்துக்கொள்கிறது. அதில் தனக்கு நிம்மதி வேறு. அந்த நிம்மதிதான் அவளைக் குத்தியது. வீட்டுக்குப் போனதும் பரிகாரம் போல அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். சில நாள், நான் ஒன்றும் இதை நம்பிப் பிழைக்கவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள, போனை ஆலை அலமாரியில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவாள். பத்து நிமிஷம் தாங்காது. மீன் செதிலோடு ஓடிவந்து திறப்பாள்.

பெரில் வெள்ளிக்கிழமைகளில் தம்பியைப் பார்க்க வருவாள். அவள் கண்ணில் கடிகாரம் பட்டதும் சொன்னாள்: "எங்க பண்ணையில ஆட்டுக்குக் காதுல பட்டன் அடிப்போம். நீ என் தம்பிக்குக் கையில அடிச்சிருக்க."

வெர்னா தனக்குத் தானே சொல்லிக்கொண்டதைவிட அது ஒன்றும் பெரிதாக இல்லை.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அது நடந்தது. பணிப்பெண் வராத நாள். ஜூன் அங்கே குளிர்காலம்; காற்று எலும்பைத் துளைத்தது. காலையில் வெர்னா கிளம்பும்போது கெல் மேசையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. ஆலையில் டானிட்சாவுக்குப் பிறந்த நாள். யாரோ மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஒரு மத்தியைக் கேக்கில் நட்டுவைத்திருந்தார்கள். வெர்னா போனைப் பார்த்தாள். புள்ளி வீட்டில் இருந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மதியம் ரெண்டரைக்கு இன்னொரு தடவை பார்த்தாள். வீட்டில்தான் இருந்தது.

வேலை முடிந்து வந்தபோது வீட்டில் கெல் இல்லை. பின்வாசல் கேட் திறந்து கிடந்தது. குளியலறையில், சோப்புக்குப் பக்கத்தில் கடிகாரம் கிடந்தது. வார் அறுந்திருந்தது. தூண்டில் இரை வெட்டும் கத்தியைக் கொண்டு அவன் அதை ஒரே சீராக அறுத்திருந்தான். கத்தியைக் கழுவி, துடைத்தும் வைத்திருந்தான்.

தெருக்காரர்கள் வந்தார்கள். போலீஸ் வந்தது. ஆரஞ்சு உடுப்பு போட்ட தேடுதல் படைத் தன்னார்வலர்கள் வந்தார்கள். சார்ஜென்ட் பொறுமையான ஆள்.

"கடைசியா எப்பப் பாத்தீங்க, வெர்னா?"

"ரெண்டரை மணிக்கு" என்றாள் அவள் உடனே. "இங்கதான், வீட்லதான் இருந்தார்."

"அப்ப நீங்க வீட்டுக்கு வந்திருந்தீங்களா?"

ரெண்டரை மணிக்குப் பார்த்தது புள்ளியைத்தான், கெல்லை இல்லை என்பது அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது.

"இல்ல" என்றாள். "காலையில பாத்தேன். வேலைக்குக் கிளம்பும்போது. ஏழு மணி இருக்கும்."

சார்ஜென்ட் திரும்பித் தன் ஆட்களிடம், "இன்னும் தள்ளித் தேடணும். ரொம்பத் தள்ளி" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலில் குற்றம் சாட்டுகிற மாதிரி எதுவுமே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

மறுநாள் விடிந்த பிறகுதான் கிடைத்தான். பழைய ரயில் பாதைக்கு அப்பால், புதர்களுக்கு நடுவே, மழைநீர் ஓடும் பள்ளத்தில் கிடந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. உடம்பு விறைத்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. முதலில் பார்த்த தன்னார்வலப் பெண்ணிடம், "ஷிஃப்ட் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டானாம்.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. வெர்னா நாற்காலியை விட்டு நகரவில்லை. ஒரு நாள் அவன் கண் திறந்து அவளை வெகுநேரம் பார்த்தான்.

"நீங்க யாரு, நர்ஸா?"

"ஆமா" என்றாள் வெர்னா.

"நல்லாப் பாத்துக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாண்ட்விச்சும் தேநீரும் கொடுத்தார்கள். பெரில் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒரு சாமானை நம்பி மனுஷனை விட்டுட்டா. என் தம்பி நாய் மாதிரி பள்ளத்துல கிடந்தான்."

வெர்னா தலையை ஆட்டினாள். ஆமாம் என்பது போல.

டானிட்சாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து கேக் தின்னுட்டுப் போனியே பெரில், ஒரு வியாழக்கிழமை வந்திருக்கக் கூடாதா?" பெரில் எழுந்து வெளியே போனாள். காருக்குள் அவள் ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுததை ஜானெல் பார்த்தாள். ஆனால் பெரில் திரும்ப உள்ளே வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியும் ஏறவில்லை.

எல்லாரும் போன பிறகு வெர்னாவின் தனி வாழ்க்கை வேறு மாதிரி போயிற்று. போனை அணைத்துத் துணிகளுக்கு அடியில் வைத்தாள். தானாக அணைகிற மின்கெட்டிலை வெளியே போட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அலாரக் கடிகாரத்தின் பாட்டரியைப் பிடுங்கினாள். தூங்கிப் போய்விடுவோமோ என்று உட்கார்ந்தே இருந்தாள். எதை நம்பினாலும் அந்த இடத்தில் தான் அசந்துவிடுவோம், அசந்த இடத்தில் யாராவது சாவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. சாவதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்ற நினைப்பு அந்தப் பயத்துக்கு எட்டவே இல்லை.

மூன்று நாளாக அம்மாவைப் போனில் பிடிக்க முடியாமல், ஜானெல் டானிட்சாவை அழைத்தாள். டானிட்சா போய்ப் பார்த்தபோது வெர்னா அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரையில் புகை அலாரம் இருந்த இடத்தில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை ஏன்டி கழட்டின?"

"அது இருந்தா நான் பாக்க மாட்டேன்."

டானிட்சா முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜானெல் ஒரே மூச்சில் அடிலெய்டிலிருந்து காரோட்டி வந்தாள். வந்த வேகத்தில் அலாரத்தை மாட்டினாள். வெர்னா முக்காலி போட்டு ஏறி மறுபடி கழற்றப் போனாள். இரண்டு பேருக்கும் அடுப்படியில் கைகலப்பு மாதிரி ஆகிவிட்டது.

"விடு ஜானெல்! அந்த வாட்ச்சுச் சனியனை நம்பித்தான் உங்கப்பாவை நான் கொன்னேன்."

"யாரு வாங்கிக் குடுத்தா அதை?" ஜானெல் கத்தினாள். "யாரு அந்த வட்டம் போட்டா? நீதானா? நான்மா! வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து எட்டிப் பாத்துட்டு, மனசு உறுத்துதேன்னு ஒரு வாட்ச் வாங்கிட்டு வந்தேன். நீ உன்னைத் திட்டுறப்பல்லாம் என்னையும் சேத்துத்தான் திட்டுற. அது உனக்குத் தெரியுதா?"

வெர்னாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. தன் குற்றம் தனக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் இவ்வளவு நாளும் அணைத்துக்கொண்டிருந்தாள். முக்காலியிலிருந்து இறங்கினாள். மகளின் முகம் அவள் கண்முன்னே சின்னப் பெண்ணுடையது போலக் கோணிக்கொண்டு போயிற்று. அந்த அலாரம் கூரையிலேயே இருந்தது.

டாக்டர் அவளை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். ஊரில் இருந்த ஒருவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் என்றால் அடுத்த வாரமே பேசலாம் என்றார்கள். வெர்னாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "பொட்டியால வந்த வியாதிக்கு வைத்தியமும் பொட்டிதானா?" முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவை டானிட்சா அவளை வண்டியில் ஏற்றி, கிளினிக்கின் அறை வாசல் வரை கொண்டுவிட்டு, கதவருகே காவல்காரி மாதிரி நின்றாள்.

திரையில் ஹோபார்ட் நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். வெர்னா நடந்ததைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்: அந்தக் கடிகாரம் தனக்குப் பிடித்திருந்தது. அது வந்த பிறகுதான் பசித்தது. கெல் கேட்டைத் திறந்துகொண்டு போன நேரத்தில் ஒருவேளை தான் ஒரு மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

அந்தப் பெண் முன்னால் சாய்ந்து, "வெர்னா, நடந்ததுல உங்க தப்பு..." என்றாள். அவ்வளவுதான் கேட்டது. திரை உறைந்து நின்றுவிட்டது. பாதி மூடிய கண்ணும் திறந்த வாயுமாக அந்த முகம் அப்படியே இருந்தது. வெர்னா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

முகம் திரும்ப அசைந்தது. "மன்னிச்சுக்கோங்க, கட்டாயிடுச்சு. நான் சொன்னது கேட்டுச்சா?"

"முழுசாக் கேக்கல" என்றாள் வெர்னா. "திரும்பச் சொல்ல வேணாம்."

இருந்தாலும் தொடர்ந்து போனாள். அந்தப் பெண் ஆறுதல் வார்த்தைகளை அள்ளி வீசுகிறவள் இல்லை. "வாட்ச் இல்லாம இருந்திருந்தா அன்னிக்கு வீட்ல யார் இருந்திருப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். வெர்னா யோசித்துவிட்டு, "யாரும் இருந்திருக்க மாட்டாங்க. இல்லன்னா அவர் அந்த இல்லத்துல இருந்திருப்பார்" என்றாள். அவனை வீட்டிலேயே வைத்திருந்த காலத்தில் பெரும்பகுதி அந்தக் கடிகாரத்தால் கிடைத்தது என்று அவளே சொல்ல வேண்டி வந்தது. சொன்னதால் நெஞ்சு லேசாகிவிடவில்லை. இரண்டும் உண்மையாக இருந்தன, இரண்டையும் சுமக்க வேண்டியிருந்தது.

அடுப்புக்கு மட்டும் அந்தப் பெண் ஒரு வழி சொன்னாள். "ஒரு தடவை பாருங்க. அப்புறம் போய் உக்காருங்க. நெஞ்சு அடிச்சுக்கட்டும். எழுந்து போகாதீங்க." வெர்னா உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. வேர்த்தது. சில நாள் எழுந்து போய்ப் பார்த்தும்விட்டாள். சில நாள் உட்கார்ந்தே இருந்தாள். வசந்தம் வந்தபோது ஆலைக்குத் திரும்பினாள். பழையபடி சாப்பிட்டாள் என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பிட்டாள்.

அப்போதுதான் இறைச்சிக் கடையில் கோரலி அவளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துத் தெருக்காரி. அவள் புருஷன் ரெக்ஸுக்கும் அதே நோய், ஆரம்ப நிலை.

"உன்கிட்டக் கேக்கக் கூடாதுதான் வெர்னா. அந்த வாட்ச் வாங்கலாமா? எனக்கு வேற யாரைக் கேக்கிறதுன்னு தெரியல."

வெர்னா வாங்கிய சாசேஜ் பொட்டலத்தைக் கடையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே போய், கோரலியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாங்கு" என்றாள். "ஆனா அதுல தெரியறது வாட்ச் இருக்கிற இடம். ரெக்ஸ் இருக்கிற இடம் இல்ல. இதை யாரும் எனக்குச் சொல்லல, நானும் யோசிக்கல." கொஞ்சம் நின்றுவிட்டு, "இப்பல்லாம் வியாழக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்ல. வேணும்னா நான் வந்து உக்காந்துக்கிறேன்" என்றாள்.

மூன்றாவது வியாழக்கிழமை. கோரலி தலைமுடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தாள். ரெக்ஸின் புதுக் கடிகாரத்தோடு இணைத்த தன் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ரெக்ஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னா அவர் மேலேயே கண்ணை வைத்திருந்தாள். கண் எரிந்தது. தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றார். கோப்பையில் பாலை ஊற்றத்தான் திரும்பினாள்.

மேசைமேல் போன் கத்தியது.

நாற்காலி காலியாக இருந்தது. வெர்னா செருப்பில்லாமல் ஓடினாள். ரெக்ஸ் வேலியைத் தாண்டி, சாலையின் விளிம்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தானிய லாரி ஒன்று மேடேறி வருவதை ரசித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தோளைப் பிடித்தாள். "அழகான வண்டி" என்றார் அவர். லாரி காற்றைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு வெர்னா மேசைக்கு வந்தாள். போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. எப்படி நிறுத்துவது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தத் தெரிந்திருக்கிறதே உனக்கு என்று நினைத்தாள். அதன்மேல் கோபமும் அழுகையும் ஒருசேர வந்தன. ரெக்ஸ் நாற்காலியிலிருந்து, "அந்தப் பிள்ளைய யாராவது தூக்குங்களேன், அழுதுகிட்டே இருக்கு" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அணைத்தாள்.

கோரலி புதுத் தலையோடு வந்து நின்றாள். "ஏதாவது தொந்தரவு குடுத்தாரா?"

"சாலை வரைக்கும் போயிட்டார்" என்றாள் வெர்னா. "நான் பக்கத்துலதான் இருந்தேன். நான் பாக்கல. இதுதான் பாத்துச்சு."

கோரலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போன வெர்னா அன்று அடுப்பை நான்கு தடவை பார்த்தாள். அடுத்த வியாழக்கிழமையும் போனாள்.